குளிர் அறையில் சுருங்கிய நட்சத்திரங்கள்

அப்பாவுக்கு மேடை அலங்கார வேலை. பூக்கள் வாடாமல் இருக்க, வீட்டை ஒட்டியே ஒரு குளிர் அறை வைத்திருந்தார். ஒரு பிறந்தநாள் விழாவுக்காக ஊதிய ஜிகினா நட்சத்திரப் பலூன்களையும் முந்தின நாள் அங்கேதான் அடுக்கினார். பூவே வாடாத இடத்தில் பலூனா வாடிவிடும்?

வாடிவிட்டன. காலையில் கதவைத் திறந்தால், நட்சத்திரங்கள் எல்லாம் தொளதொளவென்று சுருங்கிக் கிடந்தன. விழாவோ அன்று மாலை.

பலூன்களின் வாயை ஒட்டியது தம்பி. அப்பா அவனை நம்பிக் கொடுத்த முதல் வேலை அது.

"சரியா ஒட்டலையேடா. காத்து பூரா போயிடுச்சு," என்றார் அப்பா. இனிமேல் வேடிக்கை பார்த்தால் போதும் என்றும் சொல்லிவிட்டார். தம்பி மூலையில் போய் உட்கார்ந்துகொண்டான்.

அக்காவுக்கு வீட்டில் வாயாடி என்று பெயர். அவளுக்கு மனசு கேட்கவில்லை. தம்பி நாக்கைத் துருத்திக்கொண்டு ஒவ்வொன்றாக அழுத்தி ஒட்டியதை அவள் பார்த்திருந்தாள். ஒரு நட்சத்திரத்தைத் தூக்கிப் போய் வாளித் தண்ணீரில் அமுக்கினாள். காற்று கசிந்தால் குமிழி வரவேண்டும். ஒன்றுகூட வரவில்லை.

காற்று வெளியே போகவில்லை. பிறகு ஏன் சுருங்கியது?

நனைந்த நட்சத்திரத்தை வாசல் வெயிலில் காயப்போட்டாள். சிறிது நேரத்தில் மொறுமொறுவென்று ஒரு சத்தம். யாரும் ஊதவில்லை. யாரும் தொடவில்லை. சுருக்கங்கள் தாமாகவே விரிந்தன. ஐந்து முனைகளும் மெல்ல நிமிர்ந்தன.

"டேய் தம்பி, இங்க ஓடி வா."

அதற்குள் அப்பா இன்னொரு நட்சத்திரத்தின் வாயைப் பிரித்து, பம்பால் இறுகக் காற்றை ஏற்றி ஒட்டிவிட்டார். வாயாடி தடுப்பதற்குள் அதை வெயிலில் கொண்டுவந்து வைத்தார். கொஞ்ச நேரத்தில் அது விறைத்தது. பிறகு 'டப்' என்று ஓரம் பிளந்தது. அப்பா ஓரடி பின்னால் துள்ளினார்.

"குளிர்ல காத்து ஒடுங்கிப் படுத்துக்குதுப்பா," என்றாள் வாயாடி, சிரிப்பை அடக்கிக்கொண்டு. "வெயில் பட்டா கைகாலை நீட்டுது. நீங்க இன்னும் கொஞ்சம் காத்தைத் திணிச்சீங்க. நீட்ட இடமில்லாம முட்டித் தள்ளிடுச்சு."

மீதி நட்சத்திரங்களை மூவரும் வெளியே தூக்கிவந்து பரப்பினார்கள். வாசல் முழுக்க மொறுமொறு சத்தம். ஒவ்வொரு நட்சத்திரமாக நிமிர்ந்து, வெயிலை வாங்கி மின்னியது. நாம் சும்மா இழுத்து விடும் காற்றுக்குள் இவ்வளவு பலமா! மூவரும் வேலையை மறந்து நின்றார்கள்.

அப்பா தம்பியின் பக்கத்தில் குந்தினார். "உன்னைத் தப்பா சொல்லிட்டேன்டா."

தம்பியின் கண் நட்சத்திரங்களை விட்டு நகரவில்லை. "உள்ள இருக்கறது நேத்து அடைச்ச அதே காத்தாப்பா?"

"அதேதான். நீதான் அதை வெளிய விடவே இல்லையே."

உடைந்ததற்குப் பதிலாகப் புதிதாக ஒன்றை ஊதினார்கள், இந்த முறை வெயிலிலேயே வைத்து. வாயை ஒட்டியது தம்பிதான். அப்பா அதைச் சரிபார்க்கவே இல்லை.