அப்பா என்ற இடம்

கரண்ட் போய் வந்ததும் வீடு பேசியது. “வணக்கம். வீட்டில் மூன்று பேர் இருக்கிறார்கள்.”

காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். இருந்தது இரண்டே பேர். அவளும், உள்ளறையில் மதியத் தூக்கம் போட்டுக்கொண்டிருந்த மகளும். கூடத்து விளக்கு வெள்ளையிலிருந்து மெல்ல மெல்ல மங்கி, நோயாளி அறையில் எரிவது போன்ற அந்த அழுக்கு மஞ்சளுக்கு வந்து நின்றது. மின்விசிறி வேகம் குறைந்து, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முனகலோடு சுழன்றது. செத்துப்போன கணவனுக்குப் பிடித்த வெளிச்சம். அவனுக்குப் பிடித்த வேகம்.

“செத்தும் தொலைய மாட்டியா?” என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

வீட்டை நடத்தும் கம்ப்யூட்டர் நிரலை எழுதும் கம்பெனியில்தான் அவளுக்கு வேலை. அவன் உயிரோடு இருந்தபோதே, சோதித்துப் பார்க்க முதலில் சொந்த வீட்டில் பொருத்தினாள். வீட்டு ஆள் ஒவ்வொருவரும் அதற்குள் ஒரு ஆப்ஜெக்ட்: குரல், நடை, பழக்கம், எல்லாம் சேர்த்துக் கட்டிய மூட்டை. மூட்டையைப் பிரித்து ஃபைலில் எழுதி வைத்து, கரண்ட் வந்ததும் அதைப் படித்து மறுபடி ஆளாக்க வேண்டும். சீரியலைசேஷன் என்பார்கள். தானாக நடக்கும் வசதி உண்டு. அவன் போன பிறகு அவள்தான் பிடிவாதமாகக் கையால் எழுதினாள். எழுத வேண்டிய ஆட்களின் லிஸ்டில் அவன் ஒருவனை மட்டும் சேர்க்காமல் விட. அதற்குப் பிறகு கரண்ட் போனது இன்றுதான்.

அவன் லாரியில் அடிபட்டுப் போனபோது மகள் தவழக்கூட ஆரம்பிக்கவில்லை. ஊரே அழுதது. அவளுக்கு ஒரு சொட்டு வரவில்லை. டீ வரத் தாமதமானால் மோதிர விரலால் மேஜையை இரண்டு முறை தட்டுவான். மூன்றாவது அடி மேஜையில் விழாது.

கூட வேலை செய்பவனுக்குப் போன் போட்டாள்.

“நான் எழுதின கோடுல எவன் கை வச்சது?”

“யாரும் தொடலைங்க மேடம். ஏன், என்னாச்சு?”

“லிஸ்ட்லேருந்து எடுத்த ஆள் திரும்ப வந்திருக்கான்!”

“லிஸ்ட்ல எடுத்தா போதுமா மேடம்? பொண்ணோட ஆப்ஜெக்ட்ல அப்பான்னு ஒரு இடம் இருக்குமே. பொண்ணை எழுதும்போது அந்த இடத்துல இருக்கிற ஆளும் சேர்ந்துதானே எழுதப்படும்?”

செத்தவன் இத்தனை நாளும் குழந்தைக்குள் உட்கார்ந்திருக்கிறான். அவள் ஊட்டிய சோற்றுக்கும் பாடிய தாலாட்டுக்கும் பின்னால், வசதியாக.

போனை வைத்தாள். மடிக்கணினியைத் திறந்து அந்த இடத்தைத் தேடிப் பிடித்து வெட்டினாள். எதை விட்டோம், எதை வெட்டினோம் என்று திரும்பிப் பார்க்கும் பொறுமை இல்லை. ஒழி. ஒரேயடியாக ஒழி. வீட்டை நிறுத்தி மறுபடி இயக்கினாள்.

விளக்கு அணைந்தது. மின்விசிறி நின்றது. பகல் வேளையிலும் கூடம் இருட்டாக இருந்தது. எங்கிருந்தோ அவனுடைய முகச்சவர லோஷன் வாசனை வந்தது.

“வணக்கம். வீட்டில் இரண்டு பேர் இருக்கிறார்கள்.”

அப்பாடா. நாற்காலியில் சரிந்தாள். ஏனோ கேட்கத் தோன்றியது.

“யார் யாரு?”

“நீங்கள். உங்கள் கணவர்.”

மஞ்சள் விளக்கு எரிந்தது.

“பாப்பா?”

“அப்படி யாரும் இந்த வீட்டில் இல்லை.”

உள்ளறைக் கதவு திறந்தது. சின்னப் பாதங்களின் சத்தம். ஆனால் குதிகால் அழுந்தும் நடை. அவசரமில்லாத நடை.

மகள் வந்தாள். அம்மாவைப் பார்க்கவில்லை. மேஜையின் தலைப்பக்கத்தில் இருந்த அவன் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். கால்கள் தரைக்கு எட்டாமல் தொங்கின.

“கண்ணு... அம்மாடா. இங்க பாரு.”

மோதிரமில்லாத பிஞ்சு விரல் மேஜையில் இறங்கியது.

டக்.

உலோகச் சத்தம்.

டக்.

“எங்கடி டீ?” என்றது மழலை.

பிறகு, குழந்தை கையை ஓங்கியது.