விடும் வேகம்

கணினித் திரையில் அந்தக் கோடு இறங்கவே இல்லை. தசை சுருங்கினால் ஏறவேண்டும், தளர்ந்தால் இறங்கவேண்டும். தசை எவ்வளவு விசையோடு இழுக்கும் என்று சொல்ல ரெஜிலா எழுதிய கணக்கு அது. அதற்குக் கொடுத்ததெல்லாம் தம்பி சஜினின் வலது கையிலிருந்து எடுத்த மின்குறிப்புகள். அருமனைத் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்தவன். கையில் ஒயரை ஒட்டியபோது, "அக்கா, எனக்க கைய கம்ப்யூட்டருக்குள்ள ஏத்திட்டியா?" என்று சிரித்தான். போன மழைக்கு அறுந்து கிடந்த மின்கம்பியை மிதித்துப் போய்ச்சேர்ந்தான், பாவி.

தசைக்குள் நுண்ணிய கொக்கிகள் இழையைப் பற்றி இழுக்கும், பிறகு விடும். பிடிக்க மட்டுமல்ல, விடவும் உயிர் வேண்டும். செத்த உடம்பு விறைப்பது அதனால்தான். இது ரெஜிலாவுக்குத் தெரியாததா? ஆனாலும் காலையில், கோடு மறுபடி மறுபடி விழுவதைப் பார்க்கப் பொறுக்காமல், கணக்கில் அந்த விடும் வேகத்தை அவளே பூஜ்யமாக்கினாள். தம்பியின் கை கொஞ்ச நேரம் பிடித்திருக்கட்டுமே என்றுதான்.

மத்தியானம் மழை பிடித்தது. ஓட்டில் விழும் அதன் இரைச்சலுக்குக் கீழே, அடுக்களையில் ஈரத்துணியை மெல்ல மெல்ல முறுக்குவதுபோல ஒரு சத்தம். கூடவே, சஜின் போனபின் இந்த வீட்டுக்குள் வராத, ரப்பர் மரத்தில் உறையும் ஒட்டுப்பாலின் புளித்த நாற்றம் மேசைவரை வந்து நிறைந்தது.

"அம்மா?"

"சத்தம் போடாத மக்கா." அம்மா ஜெபகுமாரியின் குரல் குழைந்திருந்தது. "தம்பி வந்திருக்கான். எனக்க கையப் பிடிச்சிருக்கான்."

அழுகையா பயமா, ரெஜிலாவுக்கே தெரியவில்லை. ஓடினாள்.

அடுக்களைப் பலகையில் அம்மா மட்டும். நீட்டிய கை அந்தரத்தில். மணிக்கட்டில் விரல் பதிந்த குழிகள். அதற்கு அப்பால் கை நீலம்.

திரும்பி ஓடினாள். விடும் வேகத்தைப் பழையபடி எழுதினாள். கோடு இறங்கவில்லை. எல்லாவற்றையும் அழித்தாள். இறங்கவில்லை. கணினியை அணைத்தாள்.

அடுக்களையில் அந்தச் சத்தம் நிற்கவில்லை.

"சஜினே, விட்டுருலே!" அடுக்களை வாசலில் நின்று கதறினாள். "நம்ம அம்மையாக்கும்!"

"அவனத் திட்டாதட்டி. பாவம், அவனால விட முடியல்ல."

எலும்பு நொறுங்கியது. அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு மற்றக் கையால், ஒன்றுமில்லாத அந்த இடத்தை மெல்லத் தடவிக் கொடுத்தாள்.