பக்கம் முடிந்த பிறகு

முப்பத்தேழாவது பக்கத்தில் இரண்டு வரி அதிகமாக வந்திருந்தது.

கிளாரா முதலில் தன்னைத்தான் சந்தேகப்பட்டாள். பூட்டிய கதவை மூன்று முறை இழுத்துப் பார்த்துவிட்டு, தெருமுனை வரை போய், மறுபடி திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிறவள் அவள். எங்கேயோ ஒரு அடைப்புக்குறியைத் தப்பாகப் போட்டிருப்போம் என்று தான் எழுதிய கம்ப்யூட்டர் நிரலை மேலிருந்து கீழே விரல் வைத்துப் படித்தாள். தப்பு இல்லை. மறுபடி ஓட்டினாள். அதே இரண்டு வரி.

நாகல் நகரில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருந்தது அந்தக் கம்ப்யூட்டர் சென்டர். கீழிருந்து ஏறிவரும் டிஞ்சர் வாடையும், உறை போட்ட மானிட்டர்களின் சூடேறிய தூசு வாடையும், ஜன்னலுக்கு நேர் கீழே கூடை வைத்திருக்கும் பூக்காரம்மாவின் மல்லிகை வாசனையும் ஒன்றாகக் கலந்து மாலை நேரத்தில் அந்த அறையிலேயே தங்கிவிடும். ஆட்டோக்களின் இரைச்சலுக்கு ஜன்னல் கண்ணாடி அதிர்ந்துகொண்டே இருக்கும். இன்று சனிக்கிழமை, அவளைத் தவிர மாணவர் யாரும் வரவில்லை.

வேலை இதுதான். வெளிநாட்டில் இருக்கும் பேகம்பூர்க்காரர் ஒருவர் இந்த வட்டாரத்து ஆட்களுக்காக இணையத்தில் நினைவஞ்சலிப் பக்கங்கள் நடத்திவந்தார். ஒரு படம், பெயர், தோற்றம், மறைவு, கீழே குடும்பத்தார் கொடுத்த நாலு வரி. அப்படி இருநூற்றுப் பன்னிரண்டு பக்கங்கள். அவற்றிலிருந்து பெயரையும் தேதியையும் வாசகத்தையும் பிரித்து ஒரே பட்டியலாகத் தர வேண்டும். இணையப் பக்கத்தில் எழுத்துகளுக்கு நடுவே ‘இது தலைப்பு, இது பத்தி, இது படம்’ என்று டேக்குகள் ஒளிந்திருக்கும். அதைப் படிப்பதற்கென்றே ஜாவாவில் கிளாஸ் என்று முன்பே எழுதிவைத்த ஒரு நிரல் துண்டு தயாராக இருந்தது. பக்கத்தை அதுவே முதலிலிருந்து வாசித்துக்கொண்டு போகும். டேக் திறந்தால் ஒரு குரல் கொடுக்கும், மூடினால் ஒரு குரல், வாசகம் வந்தால் ஒரு குரல். ஒவ்வொரு குரலுக்கும் என்ன செய்வது என்பதை மட்டும் நாம் எழுதினால் போதும். நாலாவதாகக் கமெண்ட் என்று ஒன்று உண்டு. பக்கம் செய்தவர் தன் ஞாபகத்துக்கு எழுதிவைப்பது. பார்க்கிறவர் திரையில் அது வரவே வராது.

“கல்யாணப் பாத்திரத்துக்கு அடியில பேர் வெட்டுவாகல்ல, அது மாதிரிம்மா” என்றார் அப்துல் ஹக்கீம் சார். “சோறு திங்கிறவனுக்கு அது எதுக்கு? கமெண்டைக் காலியா விட்ரு.”

கிளாராவால் எதையும் காலியாக விட முடியாது. காலியாக விட்ட இடத்தில்தான் தப்பு வந்து உட்காரும் என்பது அவள் நம்பிக்கை. கமெண்ட் வந்தால், அது பக்கத்தில் எத்தனையாவது எழுத்தில் இருக்கிறது என்ற எண்ணோடு சேர்த்து வெளியே எழுது என்று இரண்டு வரி சேர்த்திருந்தாள்.

ஆறரைக்கு சார் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“மஃரிப் தொழுதுட்டு ஒரு மணி நேரத்துல வாரேன். ஒன் மாப்பிள்ளை வந்தா ஒக்காரச் சொல்லு. செருப்பை மட்டும் கீழ கழட்டச் சொல்லு, தூசு ஆகாது.” படியில் இறங்கியவர் திரும்பிப் பார்த்தார். “மாப்பிள்ளைன்னா வெக்கப்படணும்மா. நீ என்னமோ அரியர் ரிசல்ட்டு பாக்குற மாதிரி முழிக்கிற!”

அவள் சிரித்துவைத்தாள். மாப்பிள்ளை என்றால் அக்கா புருஷன்தான். சித்தையன்கோட்டையில் உரக்கடை வைத்திருக்கும் ஜெரோம் அத்தான். போன வருஷம் ஸ்டவ் வெடித்து அனிஷா அக்கா போய்விட்டாள். இரண்டு வயதுப் பாப்பாவுக்கு வேறொருத்தி வந்து சோறு ஊட்டுவதா என்று அப்பா கேட்டார். கோயிலில் அவள் பெயரையும் அத்தான் பெயரையும் சேர்த்துக் கல்யாண ஓலை இரண்டு ஞாயிறு வாசித்தாகிவிட்டது. நாளை மூன்றாவது. ஏழு மணிக்கு அத்தான் வந்து புடவை எடுக்கக் கூட்டிப்போவார்.

முப்பத்தேழாவது பக்கம் கருப்பணன் என்பவருடையது. பூட்டுப் பட்டறை வைத்திருந்தவர். ‘மாரடைப்பால் இயற்கை எய்தினார்’ என்றது வாசகம். அதன் கீழே, கமெண்ட், 2611 என்று போட்டு:

தலையணை. நெஞ்சின் மேல் ஒருவன் முழங்கால். கால்கள் பதினொரு தடவை உதைத்தன.
மகன் காலைப் பிடித்திருந்தான்.

கிளாரா அந்தப் பக்கத்தை நோட்பேடில் நேராகவே திறந்தாள். அப்படி எதுவும் அதில் இல்லை. மொத்த எழுத்துகளை எண்ணச் செய்தாள். 2140. கோப்பு 2140-இல் முடிந்துபோயிருக்க, கமெண்ட் 2611-இல் இருக்கிறது என்றது கிளாஸ். வீட்டுச் சுவர் முடிந்த பிறகும் ஓர் அறை இருக்கிறது என்பதுபோல.

தன் டைரியை எடுத்தாள். தேதி, நேரம், பக்க எண், எழுத்து எண். வரிசையாகக் குறித்தாள். தப்பு என்னுடையதாக இருக்கலாம் என்று பக்கத்தில் எழுதினாள். அடுத்ததை ஓட்டினாள்.

பத்துப் பக்கம் ஒன்றும் வரவில்லை. இருபது வரவில்லை. கீழே யாரோ இருமல் மருந்து கேட்டார். அவளுக்கு மூச்சு சீராயிற்று. அறுபத்து நாலாவது பக்கம் சிவனம்மாள். ‘கிணற்றில் தவறி விழுந்து’ என்றது வாசகம்.

விரல்கள் கல் விளிம்பைப் பிடித்திருந்தன. அம்மிக் குழவியால் இடித்தார்கள்.
இடது கை முதலில் விட்டது. வலது கை விடவில்லை. வலது கையை மறுபடி இடித்தார்கள்.

வாயில் உப்புக் கரித்தது. உதட்டைக் கடித்திருக்கிறாள் என்று அப்புறம்தான் தெரிந்தது.

எண்பத்தொன்று. தொண்ணூற்றாறு. ஒன்றில் கயிறு, ஒன்றில் பால் டம்ளர். வயதாகிப் போனவர்களின் பக்கங்கள் எல்லாம் பேசாமல் இருந்தன. விபத்து, தவறி, திடீரென்று என்ற வார்த்தைகள் இருந்த பக்கங்கள் மட்டும் முடிந்த பிறகும் பேசின.

நூற்றுப் பதினெட்டு யாருடையது என்று அவளுக்குத் தெரியும். வருஷத் திவசத்துக்கு அத்தான்தான் அந்தப் பக்கத்தைப் போட்டிருந்தார். படத்தில் அக்கா நீலப் பட்டில் இருப்பாள்.

ஓட்ட வேண்டாம் என்று நினைத்தாள். ஓட்டாவிட்டால் நாளை ஓலை வாசிக்கும்போது பெஞ்சில் எப்படி உட்காருவது என்றும் நினைத்தாள். டைரியைப் பின்னோக்கிப் புரட்டினாள். போன வருஷம், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த இரவு எழுதியது அப்படியே இருந்தது. ‘அக்காவின் இரண்டு கை விரல் முட்டிகளும் உடைந்திருந்தன. ஏன்?’ அதன் கீழே அப்பா சொன்ன பதில். ‘தீயில சுருங்குனதும்மா.’

என்டர் தட்டினாள்.

அனிஷா ஜெரோம். மண்ணில் 1976. விண்ணில் 2001. ஸ்டவ் விபத்தில் இறைவனடி சேர்ந்தாள். கண்ணீருடன் கணவர், மகள்.

அவ்வளவுதான். வேறெதுவும் வரவில்லை. கிளாரா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். அழுகை வந்தது, சந்தோஷத்தில். பிறகு கர்சர் இரண்டு வரி கீழே இறங்கியது.

கதவுக்கு வெளியே தாழ்ப்பாள். நாதாங்கியில் கரண்டிக் காம்பைச் செருகினார்.
முதலில் புடவை. அப்புறம் தலைமுடி. கதவை இரண்டு கையாலும் குத்தினாள். முப்பத்தொரு தடவை.
அவர் ஜன்னலில் நின்றார். பாப்பாவை இடுப்பில் வைத்திருந்தார். பாப்பா முகத்தைத் திருப்பியது. தாடையைப் பிடித்து உள்ளே பார்க்க வைத்தார்.

தப்பு என்னுடையதாக இருக்கலாம். மறுபடி ஓட்டினாள். அதே வரிகள். எழுத்து எண் மட்டும் மாறியிருந்தது. இப்போது அது பெரிதாக இருந்தது. இன்னும் தள்ளி. மூன்றாவது முறை ஓட்டினாள். கடைசியில் ஒரு வரி கூடியிருந்தது.

படியில் நிற்கிறார். செருப்பைக் கழற்றவில்லை.

படியில் தோல் செருப்பின் சத்தம். ஒன்று. நின்றது. இன்னொன்று.

திரையை அணைக்கக் கை போனது. போன கை வழியிலேயே நின்றுவிட்டது.

“இங்கதான் இருக்கியா” என்றார் ஜெரோம். வெள்ளைச் சட்டை. பவுடர் வாசனை. இடுப்பில் பாப்பா. “இது சித்தி சித்தின்னு ஒரே அழுகை. கூட்டியாந்துட்டேன்.” கதவைச் சாத்தினார். அவள் முகத்தைப் பார்த்தார். அப்புறம் அவள் தோளுக்கு மேலாகத் திரையைப் பார்த்தார்.

நிதானமாகப் படித்தார். வரிவரியாகக் கண் இறங்கியது. பாப்பாவை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டார்.

“இதை யாரு அடிச்சா?”

“யாரும் அடிக்கல அத்தான். ஃபைல்ல இல்ல. படிக்கச் சொன்னா மட்டும் வருது.”

“முப்பத்தொண்ணா?” என்றார். உண்மையிலேயே யோசித்தார். “நான் எண்ணல.”

பாப்பாவைப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தார். மேஜையில் கிடந்த கிளாராவின் பேனாவை அதன் கையில் கொடுத்தார். பாப்பா மூடியைக் கழற்றப் பார்த்தது. அப்புறம் அவர் கிளாராவின் பின்னலை மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றி, அவள் முகத்தைக் கீபோர்டில் இறக்கினார்.

மூக்கு. எலும்பு நொறுங்குவது வெளியே கேட்கவில்லை, தலைக்குள் கேட்டது. அழுந்திய விசைகளால் கம்ப்யூட்டர் கீச்சென்று ஓயாமல் கத்தியது. தூக்கினான். மறுபடி இறக்கினான். மேஜை விளிம்பு இந்தத் தடவை. தாடை ஒரு பக்கமாகக் கழன்று தொங்கியது. இரண்டு பல் நாக்கில் கிடந்தன. கத்தினாள். கத்தலுக்குப் பதிலாக ரத்தம் குபுக்கென்று வந்தது. விலாவில் உதைத்தான். சுவரோரம் போய் விழுந்தாள். மறுபடி உதைத்தான்.

“அக்காளும் தங்கச்சியும் ஒரே அச்சு. எதையும் விட மாட்டீக.” மூச்சு வாங்கியது அவனுக்கு. “எழுதி வச்சிருந்தாடி அவளும். நோட்டுல. என் கடையில எது கலப்படம், எவன் பொண்டாட்டி வந்துட்டுப் போறா, அம்புட்டும் தேதி போட்டு.”

சிபியூவைக் காலால் எட்டி உதைத்தான். திரை கறுத்தது. கைக்குட்டையால் விரல் இடுக்குகளைத் துடைத்துக்கொண்டான். பாப்பா அழவில்லை. பேனாவைப் பிடித்தபடி சுவரையே பார்த்திருந்தது. அதைத் தூக்கி இடுப்பில் வைத்து, பேனாவை அதன் கையிலிருந்து மெதுவாக வாங்கினான்.

“செத்த நேரம் இரு. வாரேன்.”

கதவு. தாழ்ப்பாள். நாதாங்கியில் பேனா நுழையும் சின்னச் சத்தம்.

கிளாரா தவழ்ந்தாள். ஜன்னல் கம்பியைப் பிடித்து எழுந்தாள். ஒரு கண் மூடிவிட்டது. இன்னொன்றில் தெரு தெரிந்தது. கடைகளில் டியூப்லைட் போட்டிருந்தார்கள். வாயைத் திறக்க முடியவில்லை. கண்ணாடியைக் கையால் அறைந்தாள். கீழே ஆட்டோ இரைச்சல். யாரும் நிமிரவில்லை.

அவன் மோட்டார் சைக்கிள் அருகே போனான். பக்கப் பெட்டியிலிருந்து காலி பிளாஸ்டிக் கேன் ஒன்றை எடுத்து ஹேண்டிலில் மாட்டினான். பாப்பாவை முன்னால் டேங்க்கில் உட்கார வைத்தான். கிக்கரை உதைத்தான். பெட்ரோல் பங்க் இருக்கும் பக்கம் வண்டியைத் திருப்பினான்.

வண்டியின் பின்பக்கம் ஒரு கனம் இறங்கியது. ஸ்பிரிங் அமுங்கியதை கிளாரா பார்த்தாள். அப்புறம்தான் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தாள்.

பெண்கள் உட்காருவதுபோல ஒருபக்கமாக உட்கார்ந்திருந்தது. தலையில் முடி இல்லை. முதுகும் துணியும் ஒன்றாக ஒட்டிப்போயிருந்தன. உள்ளங்காலில் தோல் இல்லை. அந்தக் கால்கள் பட்டுவிடாமல் பூக்காரம்மா கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். நிமிர்ந்து பார்க்காமலே இழுத்துக்கொண்டாள்.

வண்டி மெல்ல நகர்ந்தது. முன்னால் ஆட்டோ, அதற்கு முன்னால் மாட்டுவண்டி. பின்னாலிருந்து விரல் முட்டிகள் உடைந்த கறுப்பான ஒரு கை அவன் இடுப்பைச் சுற்றி வந்து நெஞ்சில் படிந்தது. அவன் குனிந்து அதைப் பார்த்தான். தோள்கள் இரண்டும் விறைத்தன. வண்டியை நிறுத்தவில்லை. அவன் கை ஆக்சிலேட்டரை முறுக்கியது. முறுக்கிக்கொண்டே இருந்தது. முறுக்குவது அவன்தானா என்று தெரியவில்லை.

நெஞ்சில் இருந்த கை அவனைத் தாண்டி முன்னே நீண்டது. பாப்பாவின் முகத்தைத் தேடியது. கண்களை, இரண்டு கண்களையும், பூவை மூடுவதுபோல மூடியது. பாப்பா அந்தக் கைக்குள் தலையைச் சாய்த்துக்கொண்டது.

மறு கை அவன் வாய்க்குள் போனது. மணிக்கட்டு வரை. அப்புறம் முழங்கை வரை.