அடுப்பு இருந்த இடம்

கொத்தனார் இலாரியோ திங்கள்கிழமை காலை ஏழு மணிக்கு வந்தார். பழைய சமையலறையின் மண் தரையையும் விறகடுப்பையும் பெயர்த்து, சிமெண்ட் தரை போட்டு, கேஸ் அடுப்பு வைக்க வேண்டும். யோசனை என்னுடையது.

“புகை போயிட்டா, உங்கம்மா அதைத் தேடிக்கிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போயிடுவாங்க, எல்வீரா,” என்றார்.

அம்மா சிரிக்கவில்லை. “முதல்ல கொடியை எடுங்க. ரெண்டு இருக்கு.”

எங்கள் மலையில் பெண் குழந்தையின் தொப்புள்கொடியைக் காயவைத்து அடுப்புக்கடியில் புதைப்பார்கள். எங்கே போனாலும் அவள் அந்தத் தீயைத் தேடி வந்துவிடுவாளாம். அக்கா ஒடிலியா வடக்கே எல்லை தாண்டி வேலை தேடிப் போனவள். பாலைவனத்தைக் கடக்கப் போவதாகக் கடைசியாகப் பேசி ஏழு மாதம் ஆகிறது. அம்மா தினமும் அவளுக்கும் சேர்த்தே சோள ரொட்டி தட்டினாள்.

மண்ணைச் சலித்தது நான். ஒரு துணி முடிச்சு கிடைத்தது. இரண்டையும் அம்மா சேர்த்துக் கட்டியிருப்பாள் என்று நினைத்தேன், பிரித்துப் பார்க்கவில்லை. மாலை வகுப்புக்கு நேரமானதுகூடக் காரணமாக இருக்கலாம். மிச்ச மண்ணை அள்ளச் சொன்னேன். வண்டி அதைப் பள்ளத்தாக்கில் கொட்டியது.

மறுநாள் அம்மா முடிச்சை அவிழ்த்தாள். ஒரே கொடி. சிவப்பு நூல் சுற்றியிருந்தது.

“இது உன்னோடது. அவளுக்குப் பச்சை நூல் கட்டியிருந்தேன்.”

கொடியை மறுபடி துணியில் முடிந்தாள். திட்டியிருந்தால் தேவலாம்.

நானும் இலாரியோவும் பள்ளத்தாக்கில் இறங்கித் தேடினோம். இரவு மழை எல்லாவற்றையும் கரைத்துக்கொண்டு போயிருந்தது.

புதன்கிழமை தரை போட்டார். பிற்பகல் நான்கு மணி இருக்கும். முற்றத்தில், தகரத்துக்கடியில் செங்கல் அடுக்கிச் சமைத்துக்கொண்டிருந்தோம். சுண்ணாம்பு நீரில் வெந்த சோளத்தின் வாசனை.

உள்ளே யாரோ ரொட்டி தட்டினார்கள்.

இரண்டு உள்ளங்கைகளின் சத்தம், நிதானமாக. எனக்கு மட்டும் கேட்கிறதோ என்று அம்மாவைப் பார்த்தேன். அவள் கை நின்றிருந்தது.

சமையலறை வாசலில் சாத்தியிருந்த பலகையை விலக்கினேன். சத்தம் நின்றது.

ஈர சிமெண்டில் வெறுங்கால் தடங்கள். வாசல் பக்கம் ஒன்றுகூட இல்லை. அடுப்பு இருந்த இடத்தைச் சுற்றி மட்டும். எத்தனை சுற்று என்று எண்ணப் பார்த்தேன், முடியவில்லை. நடுவில் விரல்களால் தோண்டிய குழிகள்.

தடங்களில் வெளிர் மணல் கிடந்தது. எங்கள் ஊர் மண் கறுப்பு.

“பூனையா இருக்கும்,” என்று முணுமுணுத்தார் இலாரியோ. பூசி மறைக்கப் பூச்சுக் கரண்டியை எடுத்தார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“உயிரோட இருந்தா வாசல் வழியா வந்திருப்பா.”

“அம்மா, என்னாலதான்…”

“கல்லைத் தூக்கிட்டு வாடி.”

பழைய அடுப்பின் மூன்று கற்களையும் அந்த ஈரத்திலேயே பதித்தோம். அம்மா தீ மூட்டிவிட்டுத் தள்ளி உட்கார்ந்தாள். ஒரு ரொட்டி தட்டி, கற்கள் மேல் வைத்த ரொட்டிக்கல்லில் போட்டேன். புகை கண்ணைக் கரித்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, திருப்பிப்போடக் குனிந்தேன்.

ரொட்டி ஏற்கெனவே திரும்பியிருந்தது.

அம்மாவின் கைகள் மடியில் இருந்தன. இலாரியோ தொப்பியைக் கழற்றிக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

“விடு,” என்றாள் அம்மா. “அவ பாத்துக்குவா.”