புக்கிங் இல்லாத சவாரி!

கார்ஸ்லி டவுன். நைஜல் ஹெப்வொர்த்தின் டாக்ஸி ஆபீஸில் போன் அடித்தது... அடித்தது... அடித்துக்கொண்டே இருந்தது!

யாரும் எடுக்கவில்லை.

யாருக்கும் சந்தேகமும் வரவில்லை. அந்த ஆபீஸில் அது வழக்கம்தான்.

பதினொரு மணிக்குப் பெருக்க வந்த பெண் அலறினாள்!

முதலாளி நைஜல் நாற்காலியில் சாய்ந்திருந்தார். காதில் ஹெட்போன்... பின்மண்டையில் பள்ளம்! அவர் கடைசியாகப் பேசிய போன் கால் பாதியில் அறுந்த நேரம், 10.35.

மதியம் ஒரு மணி. போலீஸ் ஸ்டேஷன். இன்ஸ்பெக்டர் மோய்ரா டன்னுக்கு எதிரே, நைஜலிடம் கார் ஓட்டும் ஷௌகத் மிர்சா.

"காலைல நைஜலைக் கொல்லாம விடமாட்டேன்னு கத்தினீங்களாமே?"

"அவர்கிட்ட ஓட்டற நாற்பது பேரும் தினம் அதைத்தான் சொல்றோம் மேடம். நான் இன்னிக்குக் கொஞ்சம் சத்தமா சொல்லிட்டேன்."

"10.35-க்கு எங்கே இருந்தீங்க?"

"ரயில்வே ஸ்டேஷன்ல ஆரம்பிச்சு... அந்தப் பக்கம்தான்."

"கூட யாராவது?"



இருந்தாள்! கொட்டும் மழையில் கை காட்டிய ஒரு பெண். பாவம் பார்த்து ஏற்றிக்கொண்டார். ஆனால்... ஷௌகத்தின் கார் ஆபீஸ் மூலம் புக் செய்தால் மட்டுமே ஓட வேண்டிய கார். ரோட்டில் கை காட்டுகிறவர்களை ஏற்றும் உரிமை, ஊரின் கறுப்பு டாக்ஸிகளுக்கு மட்டும்! உண்மையைச் சொன்னால் டாக்ஸி ஓட்ட லைசென்ஸாகக் கொடுத்த டிரைவர் பேட்ஜ் போய்விடும். மறுபடி பழைய கோழி ஃபேக்டரி வேலைதான்!

கொலைக் கேஸா? பேட்ஜா?

கொலைக் கேஸுக்கு வக்கீலாவது கிடைப்பார்!

"தனியாத்தான் இருந்தேன் மேடம்."

பக்கத்து நாற்காலியில் ஒருவர் சிரித்தார். ராய் கிளெக். ரயில்வே ஸ்டேஷன் வாசலில் இருபத்திரண்டு வருடமாகக் கறுப்பு டாக்ஸி ஓட்டுகிறவர். அழைக்காமலே சாட்சி சொல்ல வந்த உத்தமர்!

"நல்லாக் கேட்டுக்க கண்ணு..."

"இன்ஸ்பெக்டர்!"

"சரி, இன்ஸ்பெக்டர் கண்ணு. பத்துல இருந்து பதினொண்ணு வரைக்கும் ஸ்டாண்டுல முதல் வண்டி என்னோடது. இம்மி நகரல. இவன் அந்தப் பக்கமே வரல!"

"ராய், பொய் சொல்லாதீங்க!"

"யாருடா பொய்யன்? நூறு மைல் தள்ளி பெல்மூர் கவுன்சில்ல லைசென்ஸ் வாங்கி, எங்க ஊர்ல வந்து ஓட்டறவன் நீ!"

"உங்க ஊர் கவுன்சில்ல விண்ணப்பம் போட்டா எட்டு மாசம். பெல்மூர்ல எட்டு நாள். பொண்டாட்டி புள்ளையை எட்டு மாசம் பட்டினி போடவா?"

ராய் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டார். கான்ஸ்டபிள் கைவிலங்கை எடுத்தார்.

கதவு திறந்தது!

நனைந்த குடை... கையில் ஃபைல்... கார்ஸ்லி கவுன்சிலின் டாக்ஸி லைசென்ஸ் அதிகாரி, மிஸ் ஆட்கின்!

ஷௌகத்தின் முகம் வெளுத்தது. கைவிலங்கைப் பார்த்தபோதுகூட வெளுக்காத முகம்! மழையில் கை காட்டிய பெண், இவள்தான்!

"மாட்டினீங்களா மிஸ்டர் மிர்சா?" என்றாள் குஷியாக. "இவரைத் தேடித்தான் வந்தேன் இன்ஸ்பெக்டர். பயணி மாதிரி நடிச்சு நான்தான் இவரைச் சோதிச்சேன். புக்கிங் இல்லாம ஏத்திக்கிட்டார்! 10.31-லேர்ந்து 10.48 வரைக்கும் இவர் கார்லதான் இருந்தேன். ஏறும்போதே போட்டோ எடுத்துட்டேன். கார், நம்பர் பிளேட், நேரம்... எல்லாம் இருக்கு!"

மோய்ரா போட்டோவைப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள்.

"காருக்குப் பின்னாடி தெரியறது...?"

"ரயில்வே ஸ்டேஷன் கறுப்பு டாக்ஸி ஸ்டாண்ட்."

"ஒரு வண்டிகூட இல்லையே?"

"காலிதான். அதனாலதான் ஏத்தினேன்னு இவர் சாக்குகூட சொன்னார். சட்டத்துல அந்தச் சாக்கு செல்லாது!"

ராயின் நாற்காலி கிறீச்சிட்டது.

"இம்மி நகரலைன்னு இப்பத்தானே கையெழுத்து போட்டீங்க, ராய்?"

"நான்... டீ குடிக்க..."

போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நின்ற ராயின் டாக்ஸி டிக்கியைத் திறந்தார்கள். வீல் ஸ்பேனர். அதில் ரத்தம்... நைஜலின் நரைமுடி!

"நாற்பது வெளியூர் லைசென்ஸ் காரை இறக்கி எங்க பிழைப்புல மண்ணைப் போட்டான் அந்த நைஜல்!" ராய் கத்தினார். "சட்டப்படி ஓட்டறவனுக்கு இந்த ஊர்ல என்ன மரியாதை?"

கைவிலங்கு கைமாறியது.

ஷௌகத் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என் உயிரைக் காப்பாத்திட்டீங்க மேடம்!"

"அதுக்காக வரல. உங்க மேல கேஸ் உண்டு."

"பேட்ஜ்...?"

மிஸ் ஆட்கின் பல்லைக் கடித்தாள். "அதைப் பிடுங்க எனக்கு அதிகாரம் இல்ல. பெல்மூர் கொடுத்தது. அவங்களுக்கு லெட்டர்தான் போடணும்."

"பதில் எப்ப வரும்?"

"போன வருஷம் போட்டதுக்கே இன்னும் வரல."

மோய்ராவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "சரி, ராயோட லைசென்ஸ்? அது உங்க கவுன்சில் கொடுத்ததுதானே?"

மிஸ் ஆட்கின் ஃபைலைப் புரட்டினாள். முகத்தில் பெருமை!

"இருபத்திரண்டு வருஷம்... ஒரு புகார் கிடையாது. மாதிரி டிரைவர்!" அவள் ஒரு தாளை உருவி நீட்டினாள். "லாக்கப்ல தள்றதுக்கு முன்னாடி இதுல ஒரு கையெழுத்து வாங்கிக் கொடுங்க இன்ஸ்பெக்டர். லைசென்ஸைப் புதுப்பிக்கணும்... வெள்ளிக்கிழமையோட முடியுது!"