பதிலுக்கு இரண்டு தட்டு

ஹோட்டல் வாசலில் வண்டியை விட்டு இறங்கியதும் ஒட்டடை முதலில் பார்த்தது கூரைக்குப் பின்னால் நின்ற புகைபோக்கியைத்தான். மற்றவர்கள் நீரூற்றைப் பார்ப்பார்கள், புல்தரையைப் பார்ப்பார்கள். பாதி ஆயுளைக் கொதிகலன்களுக்குள் தவழ்ந்து கரி சுரண்டியே கழித்தவனுக்குக் கண் அங்கேதான் போகும். ஒட்டடை என்பதும் கூட வேலை செய்தவர்கள் வைத்த பெயர்தான். முதல் நாள் வேலை முடிந்து அவன் வெளியே வந்த கோலத்தைப் பார்த்து வைத்தது, அப்படியே ஒட்டிக்கொண்டது.

"படத்துல இருந்த மாதிரியே இருக்குல்ல?" என்றாள் மனைவி. அவள் ஓர் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் துணி தேய்க்கிறவள். இருவருக்கும் ஒரே வாரத்தில் லீவு கிடைத்தது இதுதான் முதல் தடவை. பல சாயங்காலம் போனும் கையுமாக உட்கார்ந்து அவள்தான் இந்த இடத்தைப் பிடித்தாள். அவன் காட்டியது ஏரிக்கரையில் ஒரு சின்ன விடுதி. கட்டில் இருக்கிறது, ஜன்னல் இருக்கிறது, வேறென்ன வேண்டும் என்றான். அவளுக்கு அவனுடைய வலது தோள்தான் கவலை. கையைத் தலைக்கு மேல் தூக்கமுடியாமல் போய் மாசக்கணக்காகிறது.

"எண்ணெய் போட்டு நீவுறாங்க, நீராவி அறை இருக்கு, ரெண்டு பேருக்கும் சேர்த்தே. இதுதான்."

"நான் தினமும் வேகுற ஆளும்மா. லீவுலயும் வேகணுமா?"

"அது கரி நாத்தத்துல வேகுறது. இது பூ வாசனையில. பேசாம வாங்க."

புறப்படும் முன் வீட்டில் பை கட்டும்போது அவன் தன் ஸ்பேனரையும் உள்ளே போட்டதைப் பார்த்து அவள் வயிறு குலுங்கச் சிரித்தாள். "நல்ல ஆளுங்க நீங்க. பொண்டாட்டியோட ஊர் சுத்த ஸ்பேனர் எடுத்துட்டு வர்ற ஒரே மனுஷன்."

ஹோட்டலுக்குள் எங்கு போனாலும் மெல்லிய குழலிசை. வரவேற்பறையில், லிஃப்டில், கழிப்பறையில் கூட. பூ வாசனை ஆளைத் தூக்கியது. ஆனால் அந்த வாசனைக்கு அடியில் வேறொன்று இருந்தது. ஒட்டடை மூக்கைச் சுருக்கினான். ஈரக்கரி. அணைத்துப் போட்ட கொதிகலனின் நாற்றம்.

கீழ்த்தளத்து நடைக்கூடத்தில் அதன் ஊற்றுக்கண் தெரிந்தது. சுவரில், இடுப்பு உயரத்தில், ஓர் ஆள் புகும் அளவுக்கு வட்ட இரும்பு மூடி. சுற்றிலும் போல்ட்டுகள். சுவரின் வெள்ளை வண்ணத்தையே மேலே பூசி, முன்னால் ஒரு செடித்தொட்டியை வைத்து மறைத்திருந்தார்கள். அவன் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான்.

சூடாக இருந்தது.

"பழசு சார், இப்ப ஓடல," என்றாள் வெள்ளை உடுப்புப் பணிப்பெண். "எல்லாம் கரண்ட்லதான்." அவள் மூடியைப் பார்த்துப் பேசவில்லை.

எண்ணெய்த் தேய்ப்பு முடிந்ததும் அவனை ஆண்கள் நீராவி அறையில் விட்டார்கள். மனைவிக்குப் பக்கத்து அறை, நடுவில் ஒரே ஒரு டைல்ஸ் சுவர். கதவைச் சாத்தியதும் வெண்புகை சூழ்ந்தது. தோள் இளகியது. கண் சொருகியது. அடேயப்பா, சுகம் என்றால் இதுதானா என்று நினைத்துக்கொண்டான்.

சுவரில் இரண்டு தட்டல்.

அவன் சிரித்துக்கொண்டான். அது அவன் தொழிலில் பிறந்த தட்டு. கொதிகலனுக்குள் ஒருவன் இறங்கினால் மூடிக்கு வெளியே ஒருவன் நிற்பான். உள்ளே இருப்பவன் இரண்டு தட்டினால் 'நான் நல்லா இருக்கேன், நீ இருக்கியா' என்று அர்த்தம். வெளியே நிற்பவன் இரண்டு தட்ட வேண்டும். உள்ளிருந்து மூன்று வந்தால் 'கை கொடு, உள்ளே வா.' கடைசியாகப் பதில் தட்டியவன்தான் போக வேண்டும், யோசனைக்கு இடமில்லை. பதில் தட்டாமல் மூடியை விட்டு நகர்கிறவனோடு யாரும் டீ கூடக் குடிக்க மாட்டார்கள்.

வீட்டிலும் அதுவே பழக்கமாகிவிட்டது. வேலை அலுப்பில் குளியலறையிலேயே அவன் தூங்கிப் போவான். அடுப்படிச் சுவரில் அவள் இரண்டு தட்டுவாள். அவன் பதில் தட்டுவான். அவள் குளித்தால் இவன் தட்டுவான்.

அவன் விரல் முட்டியால் இரண்டு தட்டினான்.

சற்று நேரம் கழித்து மறுபடியும் வந்தது. மறுபடியும் தட்டினான். துண்டைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தால், மனைவி நடைக்கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து எலுமிச்சைத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். தலைமுடி காய்ந்திருந்தது.

"அதுக்குள்ள வந்துட்டியா?"

"எங்க போனேன் வர்றதுக்கு? லேடீஸ் ரூம் ரிப்பேராம். நான் ரூமுக்குப் போயி இந்த எண்ணெயக் கழுவிட்டு வர்றேன்." எழுந்து போய்விட்டாள்.

பெண்கள் அறைக் கதவில் பூட்டு தொங்கியது. பூட்டின் மேல் தூசி.

செடித்தொட்டிக்குப் பின்னால், இரும்பில், இரண்டு தட்டல்.

பணிப்பெண் சட்டென்று சுவரிலிருந்த குமிழைத் திருகினாள். குழலிசை உரத்தது. பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"சார்... பதில் தட்டினீங்களா?" என்று கிசுகிசுத்தாள்.

அவன் தலையாட்டினான்.

"நாங்க யாரும் தட்ட மாட்டோம் சார். பாட்டக் கூட்டி வெச்சுருவோம்."

"உள்ள யாரு?"

"கட்டடம் திறக்குற அன்னிக்கு ஒருத்தர் உள்ள கரி எடுத்துட்டு இருந்தாராம். வெளிய நின்னவர் டீ குடிக்கப் போயிட்டார். விருந்தாளிங்க வர்ற நேரம்னு அவசரத்துல மூடிய முடுக்கி நெருப்பு போட்டுட்டாங்க."

"தட்டியிருப்பானே?"

"பேண்டு வாத்தியம் வாசிச்சுட்டு இருந்தாங்களாம் சார்."

இந்த மாதிரிச் சாவை அவனுக்குத் தெரியும். பெரிய மனிதர்களுக்கு நேரமாகிறது என்றால், உள்ளே இருப்பவன் ஆள் இல்லை, கரியோடு கரி.

"முன்னாடி சமையல்காரர் ஒருத்தர் விளையாட்டாப் பதில் தட்டினார்," என்றாள் அவள். "அப்புறம் இந்த மூடி முன்னாடியே உட்கார்ந்திருப்பார். ஒருநாள் ஆளைக் காணோம். போல்ட்டு எல்லாம் முடுக்கினபடியே இருந்துச்சு."

"திறந்து பாத்தீங்களா?"

"மேனேஜர் வேணாம்னுட்டார் சார்."

அவன் சட்டையை மாட்டிக்கொண்டு மாடிப்படி ஏறினான். சொன்னால் மனைவி சிரிப்பாள். அல்லது பயப்படுவாள். இத்தனை வருஷத்தில் அவள் ஆசைப்பட்டுக் கேட்ட ஒரே ஒரு இடம் இது. தோள் வலி அதிகமாகிவிட்டது, வீட்டுக்குப் போவோம் என்று மட்டும் சொல்லலாம். வண்டி ஏறிய பிறகு மற்றதைச் சொல்லலாம்.

அறையில் சாயங்கால வெயில் கட்டில் மேல் விழுந்திருந்தது. குளியலறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே தண்ணீர் கொட்டியது.

"என்னம்மா, கிளம்பிருவோமா? தோள் ரொம்ப வலிக்குது."

"இப்பத்தானே வந்தோம்! குளிச்சுட்டு வர்றேன், இருங்க."

கட்டிலுக்குப் பின்னால் சுவரோடு ஓடிய பழைய குழாயில் இரண்டு தட்டல்.

அவன் கைகளை முழங்கால்களுக்கு நடுவே இறுக்கிக்கொண்டான்.

மறுபடியும் இரண்டு. பொறுமையாக. பதில் வரும் என்று நம்பிக் காத்திருக்கிறவனின் தட்டு. உள்ளே ஒருவன் கேட்கிறான், வெளியே ஒருவன் வாயடைத்து உட்கார்ந்திருக்கிறான். எந்தப் பிறவியிலும் செய்யக் கூடாது என்று அவன் நினைத்திருந்த காரியம் அது. பல்லைக் கடித்துக்கொண்டு செய்தான்.

மூன்றாம் தடவையும் வந்தது.

குளியலறைக்குள்ளிருந்து, டைல்ஸ் சுவரில், குறும்பாக இரண்டு தட்டு.

"இருக்கேன், இருக்கேன்! என்ன அவசரம் உங்களுக்கு?"

"தட்டாத!" என்று கத்தினான். "அது நான் இல்ல—"

குழாயில் மூன்று தட்டல்.

தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது.

கதவை உடைத்துக்கொண்டு உள்ளே விழுந்தான். ஷவர் கொட்டிக்கொண்டிருந்தது. தரையில் கறுப்புத் தண்ணீர் சுழன்று சல்லடைக்குள் இறங்கியது. ஜன்னல் இல்லாத அறை. ஆள் இல்லை. குளிக்கும் முன் எப்போதும் கழற்றி வைக்கிற அவளுடைய ஒரே வெள்ளி வளையல் முகம் கழுவும் தொட்டி விளிம்பில் இருந்தது. அதை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டதே அவனுக்குத் தெரியாது. பையைக் கவிழ்த்து ஸ்பேனரைப் பொறுக்கிக்கொண்டு ஓடினான்.

செடித்தொட்டியை எட்டி உதைத்தான். வண்ணம் உரிந்து போல்ட்டுகள் ஒவ்வொன்றாய்க் கழன்றன. தோள் இற்றுப்போவது போல வலித்தது. மூடி விழுந்தபோது உள்ளிருந்து வந்தது சூடு இல்லை. குளிர்ந்த கரி மூச்சு. மூடியின் உள்பக்கம் முழுக்கக் கை அச்சுகள். ஒன்றின் மேல் ஒன்றாக, விளிம்பு வரை.

"யம்மா! கேக்குதா?"

இருட்டின் அடியிலிருந்து மூன்று தட்டல். ஒவ்வொரு தட்டுக்கும் பின்னால் வளையல் இரும்பில் படுகிற கிண்ணென்ற சத்தம்.

அவளேதான். அவன் செருப்பைக் கழற்றினான்.

பணிப்பெண் சுவரோடு ஒட்டி நின்றாள். அவன் அவளைப் பார்த்துக் கும்பிட்டான். "நீ இங்கயே நில்லும்மா. நான் ரெண்டு தட்டுனா ரெண்டு தட்டு. அவ்வளவுதான். வேற ஒண்ணும் வேணாம்."

"என்னால முடியாது சார்."

"ரெண்டே ரெண்டு தட்டு."

அவள் அழுதாள். அவன் தலையை உள்ளே நுழைத்துத் தவழ்ந்தான். குழாய்களுக்கு நடுவே முழங்கையை ஊன்றி, பழகிய உடம்போடு, ஆழமாக. வெளிச்ச வட்டம் பின்னால் நாணயமளவுக்குச் சுருங்கியது. "யம்மா... நான் வந்துட்டேன்." கரி வாய்க்குள் போனது.

நின்றான். வழக்கம் போல இரும்பில் இரண்டு தட்டினான். காத்திருந்தான்.

வெளியே குழலிசை உரத்தது.

இன்னும் உரத்தது.

வயிற்றை எக்கி இன்னொரு முழம் நகர்ந்தபோது நெஞ்சில் ஏதோ குத்தியது. பையில் விரலை விட்டான். வட்டமாக, குளிர்ந்து, வழவழவென்று.

அவளுடைய வளையல்.

பின்னால் வெளிச்சம் அணைந்தது. அவன் காதருகே, கிண்ணென்ற சத்தத்தோடு, யாரோ இரண்டு முறை தட்டினார்கள்.