காயாத பச்சைக் கோடு

செல்போன் அடித்தது.

காலை ஏழே கால். அஸ்தினாபுரம் வீட்டைப் பூட்டிக்கொண்டிருந்த எப்சி, திரையில் 'அண்ணா' என்று பார்த்துவிட்டு எடுத்தாள்.

"எப்சி... உடனே கம்பெனிக்கு வா. ஜாய்சனுக்கு..."

அதோடு வில்பிரட் போனை வைத்துவிட்டான்.

ஜாய்சன் அவள் கணவன். கல்யாணமாகிப் பதினான்கு மாதம்.

ஊரப்பாக்கத்தில் உள்ளே தள்ளி ஒரு பெரிய தகர ஷெட். பணக்காரர்களை விண்வெளிக்கு டூர் கூட்டிப்போகப் போகிற தனியார் ராக்கெட் கம்பெனி! ஆளில்லாமல் ஒருமுறை பறந்து பத்திரமாகத் தரையிறங்கிய ராக்கெட்டைக் கழற்றி, சுத்தம் செய்து, மறுபடி பறக்க வைப்பதுதான் அங்கே வேலை. கணவன், மனைவி, அண்ணன் மூன்று பேருக்கும் அங்கேதான் சம்பளம். எப்சி தர ஆய்வாளர். அவள் கையெழுத்துப் போடாமல் ராக்கெட் ஓர் அங்குலம் நகராது.

ஆட்டோவில் அவள் போய் இறங்கியபோது போலீஸ் ஜீப் நின்றது.

ஜாய்சன் சுத்தம் செய்யும் அறையில் கிடந்தான். முகத்தில் காயமில்லை, ரத்தமில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிரியாணி சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறவன் மாதிரி இருந்தான். எப்சி அவன் கன்னத்தில் கை வைத்தாள்.

சில்லென்றிருந்தது.

அழுதாள். யார் பார்க்கிறார்கள், யார் தூக்குகிறார்கள் என்று தெரியாமல் அழுதாள்.

இன்ஸ்பெக்டர் கோகிலவாணி அவள் அழுது ஓய்கிறவரை காத்திருந்தாள். அவசரப்படாத போலீஸை எப்சி அன்றுதான் பார்த்தாள்.

விபத்து என்றார் முதலாளி சத்தியநாதன். குழாய்களை உலர்த்த நைட்ரஜன் வாயுவை விடுவார்கள். வாசனை கிடையாது, நிறம் கிடையாது. மூடிய அறையில் நிறைந்துவிட்டால் நாலைந்து மூச்சிலேயே ஆள் காலி. ஆறு மணி ஷிஃப்டுக்கு வந்த ஜாய்சன் ஃபேனைப் போட மறந்திருக்கிறான். ஏழு மணிக்கு வந்த வில்பிரட்தான் பார்த்திருக்கிறான்.

ஆக்சிஜன் குறைந்தால் கத்துகிற அலாரம் எங்கே என்று கோகிலவாணி கேட்டாள். ரிப்பேர் என்று இரண்டு நாளாகக் கழற்றி வைத்திருப்பதாகச் சொல்லி, சத்தியநாதன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"அவர் ஃபேன் போட மறக்கிற ஆள் இல்ல மேடம்," என்றாள் எப்சி.

முந்தின இரவுச் சாப்பாட்டின்போது நடந்ததைச் சொன்னாள். திரும்பி வந்த ராக்கெட்டின் எரிபொருள் டேங்கில், வெல்டிங் ஓரமாக, ஜாய்சன் ஒரு விரிசலைக் கண்டுபிடித்திருந்தான். பத்து நாளில் ஆறு பேர் அதில் ஏறப் போகிறார்கள். காலையில் ரிப்போர்ட் கொடுத்துப் பயணத்தை நிறுத்தப் போவதாகச் சொன்னான்.

கோகிலவாணி சத்தியநாதனைப் பார்த்தாள். மனிதருக்குச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

எப்சிக்கும் அவர் மேல்தான் சந்தேகம். ஆனால் அவள் கண் வேலை பழகிய கண். துக்கத்திலும் அது சும்மா இருக்கவில்லை. கதவோரம் நைட்ரஜன் குழாயின் இணைப்பு... நான்கு போல்ட்டுகள்... அதன் மேல் பெயிண்ட் கோடு.

அது அந்த ஷெட்டின் பழக்கம். போல்ட்டை முறுக்கியவர், போல்ட்டுக்கும் குழாய்க்கும் சேர்த்து ஒரு கோடு இழுக்க வேண்டும். பிறகு யாராவது திருகினால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும். ஆளுக்கு ஒரு கலர். ஜாய்சனுக்கு மஞ்சள்.

இந்தக் கோடு பச்சை.

தொட்டாள். விரலில் ஒட்டியது.

"என்னம்மா?" கோகிலவாணி பக்கத்தில் வந்துவிட்டாள்.

"நேத்து சாயங்காலம் நான் செக் பண்ணப்ப மஞ்சள் கோடு இருந்துச்சு மேடம். இந்த இணைப்பத் தளர்த்தி விட்டா கேஸ் ரூமுக்குள்ள வரும். யாரோ ராத்திரி தளர்த்திட்டு, காலைல கதவத் தொறந்து காத்தாட விட்டு, திரும்ப முறுக்கியிருக்காங்க."

"பச்சை யாரோட கலர்?"

எப்சி வாசலைப் பார்த்தாள்.

வாசலில் கண் சிவந்து நின்றான் வில்பிரட். அப்பா செத்தபோது அவள் ஒன்பதாம் வகுப்பு. தன் படிப்பை நிறுத்திவிட்டு அவளைப் படிக்க வைத்த அண்ணன். ஜாய்சனைப் பார்த்துக் கட்டிவைத்ததும் அவன்தான். தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

ஆனால் அந்தக் கன்னத்தின் சில்லிப்பு இன்னும் உள்ளங்கையில் இருந்தது.

"என் அண்ணனோடது மேடம்."

வில்பிரட் மறுக்கவில்லை. அந்தப் பச்சைக் கோட்டையே பார்த்தான்.

"முறுக்கிட்டுக் கோடு போடாம வர என் கைக்குத் தெரியல எப்சி. பதினோரு வருஷப் பழக்கம்..."

"ஏண்ணா?"

"அந்த வெல்டிங்க ஓகே பண்ணது நான். ரிப்போர்ட்ல என் பேரு வந்தா வேலை போகும், கேஸ் வரும். நேத்து கம்பெனி கேட் வாசல்ல அவன் கையப் புடிச்சிக் கெஞ்சினேன். பாத்துக்கறேன் மச்சான்னு மட்டும் சொன்னான். நான் நம்பல."

கோகிலவாணி முன்னால் வந்தாள். ஜாய்சனின் பையிலிருந்து எடுத்த ஒரு தாளை அவனிடம் நீட்டினாள். அந்த ரிப்போர்ட்தான்.

வில்பிரட் படித்தான். மறுபடி படித்தான்.

'டேங்கைக் கடைசியாகச் சரிபார்த்தவன் நான். விரிசலைத் தவறவிட்டதும் நானே. என் மேல் நடவடிக்கை எடுக்கலாம். பயணத்தை மட்டும் நிறுத்துங்கள். ஜாய்சன்.'

வில்பிரட்டின் பெயர் அதில் எங்கேயும் இல்லை.

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அவனிடமிருந்து வந்த சத்தத்தைக் கேட்டு, கைவிலங்கோடு வந்த கான்ஸ்டபிள்கூட இரண்டு நிமிடம் நின்றார்.

எப்சியால் அவனைத் தொடவும் முடியவில்லை. வெறுக்கவும் முடியவில்லை. ஒரே காலையில் இரண்டு பேரையும் பறிகொடுத்துவிட்டு, ஜீப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பின்னால் ஒரு செருமல். சத்தியநாதன்.

முதலில் வருத்தம் தெரிவித்தார். அப்புறம், தேதி அறிவித்தாகிவிட்டது என்றார், விரிசல் தலைமுடி அளவுதான் என்றார். அவள் மனது ஆறி வந்து ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டால் கம்பெனி பிழைத்துக்கொள்ளும் என்று குரலைத் தாழ்த்தினார்.

எப்சி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"போடறேன் சார். மொதல் டிக்கெட் உங்க பேருக்கு எடுங்க... ஜன்னலோர சீட்டா பாத்து."